கரிக்கணக்கில் வராத பூச்சி

கிராம்பஸ் உலிஜினோசெல்லா. பெயர்தான் நீளம். இறக்கையை முழுசா விரித்தாலும் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர்தான். ஐரோப்பாவின் சதுப்புகளில், புல்லும் கோரையும் மண்டிய ஈரத்தில் வாழும் சின்ன அந்துப்பூச்சி. இறக்கைகளை உடம்போடு சுருட்டிப் புல்தண்டில் ஒட்டிக்கொண்டால், காய்ந்த புல் துணுக்கு என்றுதான் கண் நம்பும். 1850-இல் செல்லர் என்ற ஜெர்மானியர் இதற்குப் பெயர் வைத்தார். 'உலிஜினோசுஸ்' என்றால் லத்தீனில் ஈரம் ஊறியது. ஈரம் போனால் பூச்சிக்குப் பெயர் மட்டும்தான் மிச்சம்.

இதைக் காப்பாற்றி என்ன பயன்? இப்போதைய பதில் தயாராக இருக்கிறது: கரி. உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதமே உள்ள பீட் நிலங்கள், எல்லாக் காடுகளின் மரஞ்செடிகளையும்விட அதிகக் கரியைப் புதைத்து வைத்திருக்கின்றன. 2015 புகைமூட்டத்தைச் சுவாசித்த நமக்கு, வடிகால் வெட்டிக் காய்ந்த பீட் எரிந்தால் என்ன ஆகும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

நல்ல பதில்தான். ஆனால் அதில் பூச்சி ஓசிப் பயணி. நான் பொறியாளன்; ஒரு பாகத்தின் வேலையை இன்னொன்று மலிவாகச் செய்தால் பழையதைக் கழற்றிவிடுவது என் தொழில் புத்தி. நாளைக்கே கரியைப் பிடிக்க மலிவான இயந்திரம் வந்தால் சதுப்பை வடித்துவிடலாமா? ஓர் உயிரின் இருப்பு இயந்திரத்தின் விலையில் தொங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதற்காக, பூச்சிதான் எல்லாம் என்றும் சொல்லமாட்டேன். அயர்லாந்தில் தலைமுறை தலைமுறையாக பீட் வெட்டித்தான் அடுப்பு எரித்தார்கள். பாதுகாக்கப்பட்ட சதுப்புகளில் வெட்டத் தடை வந்தபோது அவர்கள் கொதித்தது எனக்குப் புரிகிறது. குளிரில் நடுங்கும் கிழவியிடம் போய்ப் பூச்சியைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. அவளுக்கு வேறு வழி கிடைக்கும்வரை பூச்சி தோற்கட்டும்.

ஆனால் அதே பீட்டைப் பையில் அடைத்து பூந்தொட்டிக்கு விற்கிறார்களே? கரிக்கணக்கைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் இங்கே என் மனம் ஒப்பவில்லை. பூச்சியின் எடை பூஜ்ஜியம் என்றால் அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவே அதன் பொருட்டுத் தயங்கவே வேண்டியதில்லை. தயங்குகிறேன், அப்படியென்றால் ஏதோ ஓர் எடை அதற்கு இருக்கிறது. எண்ணில் எழுதத் தெரியாததால் அது இல்லை என்று ஆகிவிடாது.

பீட் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் சேரும். ஒரு மீட்டர் ஆழம் ஆயிரம் வருஷம். எடுப்பவர்தான் காரணம் சொல்ல வேண்டும், பூச்சி அல்ல. அடுப்புக்காரி சொல்லிவிடுவாள். தொட்டிக்காரர் என்ன சொல்வார்? அவருக்குத் தேங்காய் நார்த்தூள் இருக்கிறது, பொள்ளாச்சியிலிருந்தே கப்பலேறிப் போகிறது.