பிழை இழிவன்று, மறைப்பே இழிவு!

"இதிற் குற்றமே காணமுடியாது" என்று ஒன்றைக் காட்டி உரைப்போர் எக்காலத்தும் உண்டு. குறை கூறத் துணிந்தவனைப் பார்த்து, "அதற்கு உனக்கென்ன தகுதி?" என்று சீறுவோரும் உண்டு. இவ்விரு சாராரும் அறியவேண்டிய வரலாறு ஒன்றை இன்று எடுத்துக்கொள்கிறோம். அது அரசர்தம் வரலாறன்று, அருளாளர்தம் வரலாறுமன்று. கணிப்பொறியினுள் கண்ணுக்குத் தெரியாமல் உழைக்கும் ஒரு நிரலின் வரலாறு!

1991ஆம் ஆண்டு. பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்ற 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தம்முடைய கணிப்பொறிக்கென ஓர் இயக்க முறைமையின் உட்கருவை எழுதினார். அதுவே லினக்ஸ். தொடக்கத்தில் ஏறத்தாழ 10,000 வரிகள். இன்றோ 3 கோடிக்கும் மேல். ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒவ்வொன்றின் அடியிலும் அது இருக்கிறது. உலகின் முதல் 500 மீத்திறன் கணிப்பொறிகள் அனைத்தையும், 2017 நவம்பர்ப் பட்டியல் முதற்கொண்டு, அதுவே இயக்கிவருகிறது.

உட்கருவின் வேலை என்ன? நினைவகத்தைப் பங்கிடுவது, யார் எதைப் படிக்கலாம், யார் எதில் எழுதலாம் என்று காவல் புரிவது. ஏனைய நிரல்களெல்லாம் அந்தக் காவலை நம்பியே வாழ்கின்றன. வீட்டில் ஒரு சன்னல் பழுதானால் ஓர் அறைக்குக் கேடு. காவற்காரனே ஏமாந்தால் வீட்டுக்கே கேடன்றோ?

காவற்காரன் ஏமாந்தான்! 2016 அக்டோபரில் அம்பலமான அந்த ஓட்டைக்கு 'டர்ட்டி கவ்' என்று பெயரிட்டனர். பசு என்றதும் பதறுவோர் பதறவேண்டாம். 'எழுதும்போது நகலெடு' என்னும் ஏற்பாட்டினுடைய ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே அவை.

அந்த ஏற்பாட்டைப் பதிவேட்டு அலுவலகமாக எண்ணிப் பார்ப்போம். மூலப் பதிவேட்டை எவரும் பார்க்கலாம், எழுதத்தான் கூடாது. எழுத விரும்புவோனுக்கு எழுத்தர் தனி நகல் ஒன்று தருவார். நகல் தந்தாயிற்றே என்ற எண்ணத்தில், விண்ணப்பத்திலுள்ள 'எழுதுவதற்கு' என்ற சொல்லை அவர் அடித்துவிடுகிறார். அந்த நொடியில், கூட்டாளி ஒருவன் நகலைக் குப்பையில் எறிகிறான். நகலைக் காணாத எழுத்தர் விண்ணப்பத்தை மீண்டும் பார்க்கிறார். 'எழுதுவதற்கு' என்ற சொல் இப்போது அதில் இல்லை. பார்க்கத்தானே கேட்கிறான் என்று மூலத்தையே கொடுத்துவிடுகிறார். வாங்கியவன் கையிலோ எழுதுகோல்! இவ்வாறு, எளிய உரிமை மட்டுமே பெற்ற ஒருவன் கணிப்பொறியின் தலைமை அதிகாரத்தையே கைப்பற்ற வழி பிறந்தது. நொடியினும் நுண்ணிய இடைவெளி. ஆயினும், திரும்பத் திரும்ப முயல்வதற்குப் பொறி களைப்பதில்லை.

2007ஆம் ஆண்டு வெளிவந்த பதிப்பு முதல், ஒன்பது ஆண்டுகள் அந்த ஓட்டை திறந்தே இருந்தது. அதைத் திருத்தியபோது டோர்வால்ட்ஸ் எழுதிய குறிப்பே நம் கருத்தைக் கவர்வது. பதினொரு ஆண்டுகளுக்கு முன்னரே இதனைத் தாம் திருத்த முற்பட்டதையும், அத்திருத்தம் செம்மையாக அமையாததையும், ஒருவகைப் பெருங்கணிப்பொறியில் எழுந்த சிக்கலால் அது பின்னர் நீக்கப்பட்டதையும் அவரே பதிவு செய்தார். அன்று ஏட்டளவில் மட்டுமே நிகழத்தக்கதாய்த் தோன்றியது, முறைமை வளர வளர எளிதில் நிகழ்வதாயிற்று என்பதையும் சொன்னார்.

படைத்தவரே தம் படைப்பின் பிழையை, தம் கைப்பிழை என்றே உலகறியக் கூறுகிறார். கூறியதால் அவர் புகழ் குன்றியதா? இல்லை. லினக்ஸை உலகம் கைவிட்டதா? அதுவுமில்லை. "பிழையே இல்லை" என்பவனைவிட, "பிழை இதோ, திருத்தம் இதோ" என்பவனையே அறிவுலகம் நம்புகிறது. இழிவு பிழையில் இல்லை; பிழையை மறைப்பதிலேதான் இருக்கிறது என்கிறோம் நாம்.

மறுப்புரைப்போர் எழுவர். "ஓட்டையை ஊரறியச் சொன்னால் திருடனும் கேட்பானே! மறைத்துவைப்பதன்றோ மக்களுக்குப் பாதுகாப்பு?" என்பர். கேள்வி பொருளற்றதன்று, தள்ளிவிட மாட்டோம். திருத்தம் எழுதி முடிக்கும்வரை சில நாட்கள் வாய் மூடியிருப்பது முறையே. மருந்து அரைக்கும் நேரம் அது. கூகுளின் 'ப்ராஜெக்ட் ஜீரோ' என்ற குழு, 2014இல் தொடங்கிய காலந்தொட்டு, குறை கண்டால் உரியவர்க்கு அறிவித்து 90 நாள் தவணை தருவதைப் பொது விதியாகக் கொண்டது. தவணை தருவது கருணை. தவணைக்கு எல்லை வைப்பது நீதி. எல்லையற்ற மௌனம் எதற்கு உதவும்? 'டர்ட்டி கவ்' அகப்பட்டதே, எவனோ ஒருவன் அதனைக் கொண்டு உண்மையாகவே தாக்கியதைக் கண்ட பின்னர்தான்! திருடன் அறிவான், வீட்டுக்காரன் அறியான் என்பதே மறைப்பின் விளைவு. யாருக்குப் பாதுகாப்பு அது?

நம் பக்கத்தாரையும் கேட்போம். "லினக்ஸ் நிரல் எல்லோரும் படிக்கத் திறந்து கிடப்பது, ஆயிரம் கண்கள் பார்ப்பதால் குறை தங்காது" என்று பெருமை பேசுவோர் உண்டு. திறந்துதானே கிடந்தது ஒன்பது ஆண்டுகள்? ஆயிரம் பேர் பார்க்கலாம் என்பது வேறு. ஒருவரேனும் பார்த்தார் என்பது வேறு! கதவு திறந்திருப்பது உரிமை. உள்ளே சென்று ஆராய்வது கடமை. கடமையைச் செய்யாமல் உரிமையைப் போற்றிக்கொண்டிருந்தால், திறந்த ஏடும் மூடிய ஏடும் ஒன்றே.

2016இல் செய்த திருத்தத்தோடு கதை முடிந்ததா? இல்லை. 2017 நவம்பரில் அத்திருத்தத்திலேயே ஒரு குறை வெளிப்பட்டது. நினைவகத்தின் பெரும் பக்கங்களைக் கையாளும் பகுதியில் அது முழுமை பெறவில்லை, மீண்டும் திருத்தினர். "பார்த்தீர்களா, திருத்தக்காரரின் திறத்தை!" என்று எள்ளி நகையாடுவோர் ஒன்றை எண்ணவேண்டும். திருத்தத்தையும் திருத்தலாம் என்ற வழி திறந்திருந்ததால்தான் அக்குறையும் அகன்றது. நேற்றைய திருத்தமே இன்று தீண்டத்தகாத திருமொழி ஆகிவிடுமாயின், சீர்திருத்தம் என்ற சொல்லுக்கே பொருளில்லை.

இனி, நம் நெஞ்சை உறுத்தும் கேள்வி. திருத்தம் பிறந்தது, யாரைச் சென்று சேர்ந்தது?

2017 செப்டம்பரில், அதாவது திருத்தம் வந்து ஏறத்தாழ ஓராண்டு கழிந்தபின், இதே ஓட்டையைப் பயன்படுத்தும் 'ஸ்னியூ' என்ற தீநிரல் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிற் பரவியதை ஆய்வாளர் கண்டறிந்தனர். அகப்பட்டோரில் பெரும்பாலோர் சீனத்திலும் இந்தியாவிலும் இருந்தவர்கள். பெரிய நிலையங்களின் கணிப்பொறிகளைப் பேணச் சம்பளம் பெறும் வல்லுநர் இருக்கின்றனர். கூலி வேலை செய்து, சிறுகச் சிறுகச் சேர்த்து, மலிவான கைப்பேசி ஒன்றை வாங்கியவனுக்கு யார் இருக்கிறார்? விற்றவன் திருத்தத்தை அனுப்பினால் உண்டு, இல்லையேல் இல்லை. அவனுடைய சேமிப்பும், அவன் மகளின் படமும், அவன் பேசிய பேச்சும் திறந்த வீட்டிற் கிடக்கின்றன. தன் வீடு திறந்திருப்பதை அவன் அறியவுமில்லை!

மருந்து மாடியில் இருக்கிறது. நோயாளி தெருவில் கிடக்கிறான். "மருந்து கண்டுபிடித்துவிட்டோம்" என்று மாடியில் நின்று மார்தட்டுவதால் யாது பயன்? ஆகவே, திருத்தம் எழுதியதோடு அறம் நிறைவதில்லை. கடைசி மனிதனின் கையில் அது சேரும்போதுதான் நிறைகிறது. பொருளை விற்றுப் பணம் பெற்றவன், அப்பொருள் மக்கள் கையில் உலவும் காலமெல்லாம் திருத்தம் தரக் கடமைப்பட்டவன். அதனைக் கேட்டுப் பெறுவது வாங்கியோர் உரிமை. இரந்து பெறும் சலுகையன்று.

தோழர்களே! உங்களிற் பலர் நிரல் எழுதக்கூடும். எழுதாதோரும் நிரலால் ஆளப்படுகின்றீர். இவ்வரலாறு நமக்குத் தரும் வேலை இது. எழுதியவர் யாரென்று பாராமல் எழுதியதைப் பாருங்கள். குறை கண்டால் உரியவரிடம் கூறுங்கள். உரிய காலத்துக்குப் பின்னும் அசையாராயின் ஊரறியக் கூறுங்கள். உங்கள் குறையை ஒருவன் காட்டினால் அவன் தகுதியை ஆராயாதீர், குறையை ஆராயுங்கள். உங்கள் பேசிக்குத் திருத்தம் வந்ததும், உங்கள் தாயின் பேசியையும் அண்டை வீட்டுத் தொழிலாளியின் பேசியையும் வாங்கிப் பாருங்கள்.

பிழையற்ற படைப்பை உலகம் இதுவரை கண்டதில்லை. திருத்த மறுத்த படைப்புகள் செய்த கேட்டையோ நிரம்பவே கண்டிருக்கிறது. 3 கோடி வரிகளில் இன்னும் எத்தனை பிழைகள் உறங்குகின்றனவோ! அவற்றை முதலிற் காண்பவன் திருடனா, தோழனா என்பதே கேள்வி. விடை, விழித்திருக்கும் கண்களிடம் இருக்கிறது.