தூரமும் கடப்பாடும்

இரு நகரங்களுக்கிடையேயுள்ள தூரம் யாது என வினவுவோர்க்கு இன்று நாம் மணிக்கணக்கிலேயே விடையிறுக்கின்றோம். கட்டுநாயக்கவிலிருந்து இலண்டன் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். நேரடி விமானத்தில் 11 மணித்தியாலம். திருச்சிராப்பள்ளி ஏறத்தாழ 420 கிலோமீற்றர், ஒரு மணித்தியாலம். கண்டியிலிருந்து கட்டுநாயக்கவை அடைவதற்கு இதனிலும் கூடுதலான நேரம் வேண்டும் என்பது வேறு கதை.

பயண நேரம் குறையக் குறைய, மறுமுனையில் உள்ளோர்பால் நமக்குள்ள கடப்பாடு கூடுகின்றதா? 1972இல் மெய்யியலாளர் பீற்றர் சிங்கர் வெளியிட்ட கட்டுரையொன்று, கிழக்கு வங்காள மக்களின் துயரை முன்னிறுத்தி, அண்மையும் சேய்மையும் அறக்கடமையைக் கூட்டவோ குறைக்கவோ மாட்டா என வாதிட்டது. வலிமையான வாதமே. எனினும் அது தூரத்தை வெறும் மைற்கணக்காகவே கொள்கின்றது. கண்டிப் பிரதேசத்தின் வரலாற்றை அறிந்தோர்க்கு இக்கணக்கு நிறைவு தராது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களை நாடிவந்த தமிழகத்துத் தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் காட்டுவழியே நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். அவர்தம் ஊரார் இம்மலைநாட்டைக் 'கண்டிச் சீமை' என்றனர். சீமை என்பது நாட்டுப்பகுதியையுங் குறிக்குமாயினும், ஆங்கிலேயர் நாட்டையும் அச்சொல்லாலேயே அவர்கள் வழங்கினர் என்பது சிந்தனைக்குரியது. சென்றவர் மீளாத ஊர் எதுவாயினும் அது சீமையே.

பின்னர் வழி சுருங்கிற்று. 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. 1914இல் தலைமன்னாருக்கும் பாதை அமைந்து, இராமேசுவரத் தீவுக்குக் கப்பற்போக்குவரத்தும் தொடங்கிற்று. வாரக்கணக்கான நடை ஓரிரு நாட் பயணமாயிற்று. ஆயின், அதே பாதையிலேதான் பிரிவும் நிகழ்ந்தது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட இம்மக்களுள் 525,000 பேரை இந்தியா ஏற்பதென 1964 ஒக்டோபர் 30இல் இரு பிரதமர்கள் ஒப்பமிட்டனர். சென்றோர்க்கும் நின்றோர்க்கும் இடையே மைல்கள் கூடவில்லை; கடலும் அகலவில்லை. அண்ணன் நீலகிரியிலும் தங்கை கண்டி மலையிலுமாக வாழ நேர்ந்தமைக்கு ஒரு கடதாசியே போதுமானதாயிற்று. 1984இல் அக்கப்பலும் நின்றது.

இன்று அத்தங்கையின் பேரப்பிள்ளைக்குத் திருச்சிராப்பள்ளி ஒரு மணித்தியாலந்தானா? விமானக் கட்டணத்தைத் தோட்டத்து நாட்சம்பளத்தால் வகுத்துப் பார்ப்போமாயின், அந்த ஒரு மணித்தியாலம் வாரக்கணக்கான உழைப்பாக விரிகின்றது. பாட்டன் நடந்து தீர்த்த வாரங்களைப் பேரன் கொழுந்து பறித்துத் தீர்க்க வேண்டும்! கடவுச்சீட்டும் நுழைவனுமதியும் இக்கணக்கிற் சேரா.

ஆகவே தூரத்தின் ஒரு கூறு இயற்கையின்பாற்பட்டது. மற்றொரு கூறு சட்டமும் கூலியும் ஆக்கியது. முன்னையதற்கு எவரும் பொறுப்பாளியல்லர். பின்னையதற்கு ஆக்கியோரும், ஆக்கியதை அவ்வாறே விட்டுவைத்திருப்போரும் பொறுப்பாளிகளாவர். உலகனைத்துக்கும் ஒருவன் பொறுப்பேற்றல் இயலுமோ என வினவுவர் சிலர். இயலாதுதான். ஆயின் அவ்வினா பெரும்பாலும் கடல் கடந்தோரைக் குறித்தே எழுப்பப்படுகின்றது. நமது பல்கலைக்கழகமோ அந்தானை மலையடிவாரத்தில் அமைந்துள்ளது. மேலே தேயிலைத் தோட்டங்களும் லயன் அறைகளும் உள்ளன. இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் எத்தனை மணித்தியாலம் என்பதை நம்மிற் பலர் பிழையின்றிக் கூறுவர். அந்த லயன்களுக்கு நடந்துசெல்ல எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால், விடை கூறக்கூடியோர் நம்முள் எத்துணைப் பேர்?