திடலின் கணக்கு

ஒரு பொது விளையாட்டுத் திடல் அதற்கு ஆன செலவுக்குத் தகுதியுடையதா என்பதை எதைக் கொண்டு அளப்பது? நெய்வேலி நகரியத்தில் நின்று இக்கேள்வியை எழுப்பிப் பாருங்கள். ஊஞ்சல், சறுக்குமரம், வேலி ஆகியவற்றின் விலை பேரேட்டில் இருக்கும். பேரேட்டில் ஏறாத விலையும் ஒன்று உண்டு.

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய துகள்கள் வெளிவந்தன. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. சுரங்கத்திற்கும் நகரியத்திற்கும் வழிவிட்டுச் சுற்றுக் கிராமத்தார் வயலையும் வீட்டையும் நீங்கினர். அவர்தம் பிள்ளைகள் ஆடிய களத்துமேடும் குளக்கரையும் உடன் மறைந்தன. ஆகவே, இங்குள்ள ஒவ்வொரு திடலும் பிறர் விட்டுச் சென்ற அமானிதம் அன்றோ?

விலையுயர்ந்த கருவிகளால் திடல் சிறப்பதில்லை. ஆம்ஸ்டர்டாம் நகரில் 1947 முதல் ஆல்டோ வான் ஐக் என்னும் கட்டடக் கலைஞர் வெற்று மனைகளில் மணற்குழியும் இரும்புக் கம்பிகளும் அமைத்தே நூற்றுக்கணக்கான திடல்களை உருவாக்கினார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நடந்து வந்து ஆடினர். அதுவே அவற்றின் வெற்றி.

மாலை ஐந்து மணிக்குத் திடலோரம் நின்று நோக்குங்கள். ஒப்பந்தத் தொழிலாளியின் மகனும், நிலம் இழந்த குடும்பத்துச் சிறுமியும், அதிகாரி வீட்டுப் பிள்ளையோடு முறைவைத்து ஊஞ்சல் ஏறினால் செலவு வீணன்று. அவர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவர்களாயின், பேரேட்டுக் கணக்கு நேரானாலும் நம் கடன் தீரவில்லை.