எதைக் கேட்பாய்?



ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் படியில் பிள்ளைகள் ஒரு விளையாட்டு ஆடுகிறார்கள். "பத்து லட்சம் ரூபாய் வேண்டுமா, பத்து வருஷம் கூடுதல் ஆயுள் வேண்டுமா?" "கொழும்பில் மாடிவீடா, தோட்டத்தில் சொந்தக் காணியா?" ஆளுக்கொரு பதில், எல்லோருக்கும் சிரிப்பு.

விளையாட்டல்லாத கேள்வியையும் நம் மலையகம் அறியும். 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபின், "இந்தியாவா, இலங்கையா?" என்று முடிவெடுக்கும் நிலை நம் முன்னோருக்கு வந்தது. அண்ணன் தலைமன்னாரில் கப்பலேற, தம்பி லயத்திலேயே நின்ற குடும்பங்கள் உண்டு.

சாலமோன் அரசரிடமும் ஆண்டவர், என்ன வேண்டும் என்று கேட்டார். அவர் செல்வத்தையோ நீண்ட ஆயுளையோ கேட்கவில்லை. நன்மை தீமையைப் பகுத்தறியும் உள்ளத்தையே கேட்டார். கேளாத செல்வமும் அவரைத் தேடி வந்தது.

இன்று லயத்து வாசலில் தரகர் வந்து நிற்கிறார். "மகளைக் கொழும்பு வீட்டு வேலைக்கு அனுப்புங்கள், முன்பணம் தருகிறேன்" என்கிறார். கடைக் கடன் கழுத்தை நெரிக்கிறது. அரைப் பேர் விழுந்த நாளில் அடுப்பு எப்படி எரியும் என்பதை மறந்து நான் பேசவில்லை. ஆயினும் பெற்றோரே, 16 வயதுவரை கல்வி கட்டாயம் என்பது நாட்டின் சட்டம். கடனை அடுத்த மாதமும் அடைக்கலாம். போன பள்ளிப் பருவம் திரும்பாது.

அயல் வீட்டாரே, உங்களுக்கும் ஒரு கேள்வி: அந்தக் கடனில் ஒரு பங்கை நாம் சுமப்போமா, அல்லது பிள்ளை பஸ் ஏறுவதைப் பார்த்து நிற்போமா?

ஆண்டவரே, பகுத்தறியும் உள்ளத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.