அளவுத்திருத்தத்திற்கு முன்

நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். உணரியை அளவுத்திருத்தம் செய்வது, அதாவது மதிப்பு முன்பே அறியப்பட்ட தாங்கல் கரைசல்களில் அதனை அமிழ்த்தி அளவீட்டைச் சரிசெய்வது, உணரியின் கண்ணாடிக் குமிழ் தூய்மையாக இருந்தால் மட்டுமே பொருளுடையதாகும். குமிழில் பாசியோ சுண்ணாம்புப் படிவோ ஒட்டியிருக்கும்போது செய்யப்படும் திருத்தம், அந்த அழுக்கின் விளைவையும் சேர்த்தே சரியென்று கருவியில் பதித்துவிடுகிறது. சுண்ணாம்புப் படிவை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் கரைக்கும். ஆயினும் கையுறையும் கண்காப்புக் கண்ணாடியும் அணியாமல் அதனைக் கையாளலாகாது. பாசி நீக்கப் பயன்படும் குளோரின் வெளுப்பானுடன் அமிலம் கலந்தால் நச்சு வாய்ந்த குளோரின் வாயு வெளிப்படும் என்பதால், இரண்டையும் அடுத்தடுத்துப் பயன்படுத்துவோர் இடையில் உணரியை நன்கு கழுவியே ஆகவேண்டும். கழுவிய குமிழைத் துணியால் தேய்த்தால் நிலைமின்னூட்டம் ஏறி அளவு தடுமாறும். மென்தாளால் ஒற்றியெடுப்பதே முறை. பி.எச். 10 தாங்கல் கரைசல் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மதிப்புக் குறைவதால், பயன்படுத்திய கரைசலைச் சிக்கனம் கருதி மீண்டும் புட்டியில் ஊற்றுவது எஞ்சியதையும் கெடுக்கும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஏற்கும் பி.எச். எல்லை 6.5 முதல் 8.5 வரை மட்டுமே. இத்துணைக் குறுகிய எல்லையின் ஓரத்தில் நிற்கும் நீருக்கு, அரை அலகுப் பிழையே தீர்ப்பைப் புரட்டப் போதுமானது.