கண்டதை இல்லையென்று சாதிக்காதீர்கள்

பிள்ளையிடம் பொய் சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். அதிலும், அது கண்ணால் கண்டதை இல்லையென்று சாதிப்பதை முதலில் நிறுத்துங்கள்.

தாலிச் சங்கிலி அடகுக் கடைக்குப் போய்விடுகிறது. அம்மா கழுத்தில் கவரிங். மடியில் படுத்திருக்கும் ஏழு வயதுப் பெண் அதை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "இது வேற மாதிரி இருக்கும்மா" என்கிறாள். "அதேதான்டி, பாலிஷ் போட்டிருக்கு." குழந்தை அப்பாவைப் பார்க்கிறது. அவரும் "ஆமா, அதேதான்" என்கிறார். இனி அவள் தன் விரலை நம்புவாளா, பெற்றவர்களையா? ஏழு வயதில் பெற்றவர்களைத்தான் நம்பியாக வேண்டும். வேறு போக்கிடம் ஏது? தன் கண்ணைச் சந்தேகப்பட அன்று பழகுகிறாள்.

பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பவுல்பி 1979-இல் எழுதிய ஒரு கட்டுரை இதைப் பற்றியதுதான். தாயையோ தந்தையையோ தற்கொலையில் இழந்த குழந்தைகளைப் பற்றிய ஆய்வொன்றை அதில் எடுத்துப் பேசுகிறார். அவர்களில் சிலர் நடந்ததை ஓரளவு நேரிலேயே பார்த்தவர்கள். வீட்டுப் பெரியவர்களோ நோய் என்றும் விபத்து என்றும் சாதித்திருக்கிறார்கள். பிறரை நம்பாமை, தன் புலன்களையே நம்பாமை, எதையும் கேட்டறியத் தயக்கம் என்று அந்தக் குழந்தைகளிடம் வேர்விட்டதை பவுல்பி சுட்டிக்காட்டினார். நம் வீட்டுப் பொய்கள் அவ்வளவு பெரியவை அல்லதான். ஆனால் தினமும் நடக்கின்றன.

இப்படி வளர்ந்த பெண், கணவன் குளிக்கப் போனதும் அவன் வாட்ஸ்அப்பைத் துழாவலாம். இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. அவன் வாய்கூசாமல் புளுகும்போது, ஓட்டல் பில் கையிலேயே இருந்தும், "நான்தான் தப்பா நினைச்சுட்டேனோ" என்று தன்னையே நொந்துகொள்வது. அவனுக்கு வேலை மிச்சம். பாதியை நீங்களே செய்து முடித்துவிட்டீர்கள்.

பொய் உங்களிடமும் திரும்பி வரும். சிங்கப்பூரில் 379 இளைஞர்களிடம் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஆய்வில், சிறுவயதில் பெற்றோர் தங்களிடம் அதிகம் பொய் சொன்னதாகக் கூறியவர்கள், இப்போது பெற்றோரிடம் தாங்களும் அதிகம் பொய் சொல்வதாக ஒப்புக்கொண்டார்கள். நினைவிலிருந்து சொன்ன பதில்கள்; இதுவே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் வேலை போன பின்பும் போனில் "நல்லா இருக்கேன்ப்பா" என்கிற மகன் அதை எங்கே கற்றான் என்று யோசித்துப் பாருங்கள்.

"நல்லதுக்குத்தானே சொன்னோம், வள்ளுவரே விட்டுக்கொடுத்திருக்கிறாரே" என்பீர்கள். குற்றமில்லாத நன்மை விளைந்தால்தான் என்று அவர் வைத்த நிபந்தனையையும் சேர்த்துப் படியுங்கள். கவரிங் பொய் காப்பாற்றியது உங்கள் கௌரவத்தை.

எல்லாவற்றையும் கொட்டச் சொல்லவில்லை. வட்டிக் கணக்கு குழந்தைக்கு எதற்கு? "ஆமாடா, நீ பார்த்தது சரிதான். அது பெரியவங்க விஷயம், அப்பா பாத்துக்கறேன்." இவ்வளவு போதும்.

பிள்ளைக்கு முப்பது வயதாகிவிட்டதா? இந்த வாரமே உட்கார்ந்து பேசுங்கள். "அன்னைக்கு நீ கேட்டது உண்மைதான், நாங்கதான் மறைச்சோம்" என்று சொல்லுங்கள். காரணம் அடுக்காதீர்கள். கோபப்பட்டால் படட்டும், எழுந்து போனால் பின்னாலேயே போய்ச் சமாதானம் பேசாதீர்கள். வேறு எதையெல்லாம் மறைத்தீர்கள் என்று அடுத்துக் கேட்பார்கள். அதற்கும் தயாராகவே போய் உட்காருங்கள்.