மகிழ்ச்சிக்குக் காவல்

துயரப்படுகிறவனைத் தேற்றலாம், மகிழ்ந்திருப்பவனைத் தடுக்க நமக்கு என்ன உரிமை? என் நண்பர் ஒருவரால் எனக்குள் எழுந்த கேள்வி இது.

முதலில் அவருக்குத் தூக்கம் குறைந்தது. மூன்று மணி நேரம் உறங்கிவிட்டுக் களைப்பே இல்லாமல் எழுந்தார். பிறகு பேச்சுப் பெருகியது. ஒரு திட்டம் முடியுமுன் இன்னொன்று பிறந்தது. "என்ன சுறுசுறுப்பு!" என்று நாங்கள் வியந்தோம். அடுத்துச் சேமிப்பு கரைந்தது, தடுத்தவர்கள்மேல் சீறினார். ஆஸ்பத்திரியில்தான் 'மேனியா' என்ற பெயரைக் கேட்டோம்.

இந்நோயை லித்தியம் உப்பு தணிப்பதை 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் எழுதினார். மருந்து உண்டு. ஆனால் நோய் ஏற ஏற, தமக்கு நோய் என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

குணமான பின் நண்பர் சொன்னார்: "இரண்டு இரவு நான் தூங்காவிட்டால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அப்போது நான் கோபித்தாலும் விடாதீர்கள்."

உரிமை அங்கேதான் பிறந்தது. தெளிந்த மனம் கேட்டதைத்தான் நான் மதிக்க வேண்டும்.

ஆனாலும், இப்போது அவர் வாய்விட்டுச் சிரிக்கும்போதெல்லாம், 'நேற்றுத் தூங்கினாரா?' என்று என் மனம் கேட்கிறது. அந்தச் சிரிப்பில் முழுதாகக் கலந்துகொள்ள முடியவில்லை. காவல்காரனுக்கு அதுதான் கூலி போலும்!